அடுப்பிலிருந்து இறக்கும்போது என்ன ஊற்றினீர்கள்? ஓட்டலில் வீகன் டேஸ்டிங் மெனு சாப்பிடப் போகிறவர்களுக்கு

முதல் வேலை போன் செய்வது. போகிற அன்று காலையில் அல்ல, மூன்று நாள் முன்னதாக. அதுவும் பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல், ஐந்து மணிக்குள். மதியச் சாப்பாடு முடிந்து, அடுப்படியைக் கழுவிவிட்டு, மாஸ்டர் ஒரு டீயோடு உட்காரும் நேரம் அது. பன்னிரண்டரை மணிக்குக் கூப்பிட்டு, "உங்கள் சமையலில் பால் சேர்ப்பீர்களா?" என்று கேட்டால் எந்தச் சமையல்காரரும் "இல்லை" என்றுதான் சொல்வார். போனை வைத்தால் போதும் என்றிருக்கும் அவருக்கு. மயிலாடுதுறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் மெஸ் நடத்தியவள் நான். அந்த நேரத்தில் வந்த போன்களுக்கு நானும் அப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

மெஸ்ஸை மூடி நான்கு வருடமாகிறது. என் மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன இரண்டாம் வருடம் பாலை விட்டுவிட்டாள். பால் என்றால் அதன் குடும்பம் முழுவதும்: தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர். தேனும் கிடையாது. விலங்கிடமிருந்து வரும் எதையும் தொடாத இந்தச் சாப்பாட்டைத்தான் வீகன் என்கிறார்கள். இந்தத் தை மாதம் பொங்கலுக்கு வந்தவள், "தஞ்சாவூரில் ஒரு விடுதியில் எட்டு வகையில் வீகன் டேஸ்டிங் மெனு போடுகிறார்களாம், உங்களையும் அப்பாவையும் கூட்டிப் போகிறேன்" என்றாள். போனோம். அதற்குப் பிறகு வேறு இரண்டு ஊர்களிலும் பார்த்துவிட்டேன். போகப்போகிற உங்களுக்கு நான் பட்டதையும் கற்றதையும் சொல்கிறேன்.

டேஸ்டிங் மெனு என்றால் என்ன என்று என் வீட்டுக்காரருக்கு விளங்கவைப்பதற்குள் ரயில் குத்தாலத்திலிருந்து கும்பகோணத்துக்கே வந்துவிட்டது. நம் கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் உப்பு, ஊறுகாய், இனிப்பு, கறி, கூட்டு, அப்பளம் எல்லாம் வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். எதை எதோடு பிசைவது என்பது சாப்பிடுகிறவரின் உரிமை. இங்கே அந்த உரிமை கிடையாது. சமையல்காரர் தீர்மானித்த வரிசையில், இரண்டு மூன்று வாய்க்கு மேல் போகாத அளவில், ஒவ்வொன்றாக வரும். தட்டை எடுத்த பிறகுதான் அடுத்தது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். ஐந்து வகை முதல் பத்துப் பன்னிரண்டு வகை வரை இடத்துக்கு இடம் மாறும். "கிள்ளிக் கிள்ளி வைப்பார்கள், அவ்வளவுதானே" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிள்ளல்களுக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மணிக்குத் திரும்புகிற ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டு ஒரு மணிக்கு உட்காராதீர்கள்.

வீகன் என்ற சொல் 1944-ல் இங்கிலாந்தில் பிறந்தது. டொனால்ட் வாட்சன் என்பவரும் அவரோடு சிலரும், பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்று தனிச் சங்கம் அமைத்தபோது வெஜிடேரியன் என்ற சொல்லின் தலையையும் வாலையும் சேர்த்து ஒட்டினார்கள். தமிழில் நனிசைவம் என்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் ஓட்டலுக்குப் போன் செய்யும்போது அதைச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். வரவேற்பில் இருந்த பெண், "தனி சைவமா அம்மா? தனி மேசை இருக்கிறது" என்றாள்.

சைவம் என்ற சொல்லும் நம் பக்கத்தில் உதவாது. சீர்காழி எங்களுக்கு ஒரு கூப்பிடு தூரம். அழுத குழந்தைக்குக் குளக்கரையில் அம்மன் பொற்கிண்ணத்தில் பால் கொடுத்த ஊர். ஒரு பக்கம் தருமபுரம் மடம், ஒரு பக்கம் திருவாவடுதுறை மடம். அபிஷேகத்துக்குக் குடம் குடமாகப் பால் போகிற கோயில்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, "நாங்கள் சைவம், ஆனால் பால் சாப்பிட மாட்டோம்" என்றால் கேட்பவருக்குத் தலை சுற்றத்தான் செய்யும். ஆகவே சித்தாந்தம் பேசாதீர்கள், பொருளின் பெயரைச் சொல்லுங்கள். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன். ஆறு சொல். ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. "பால் பொருள்" என்று மொத்தமாகச் சொன்னால் மோர் அதில் சேராது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நெய் அதில் சேராது என்று நினைப்பவர்கள் இன்னும் அதிகம். சமையல்காரர்களில் முக்கால்வாசிப் பேர்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெஸ் தொடங்கி ஆறேழு வருடம் ஆகியிருக்கும். பக்கத்தில் வேலைக்கு மாற்றலாகி வந்திருந்த ஒரு பையன் தினமும் மதியம் வருவான். பால் அவனுக்கு ஆகாது, ஒவ்வாமை. முதல் நாளே சொல்லிவிட்டான். நானும் அவன் இலைக்குத் தயிர் போகாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் புடலங்காய்க் கூட்டு. இரண்டாவது வாயில் உதடு தடித்துப் பொரிந்து, கண் இமை வீங்கி, பார்க்கவே பயமாகிவிட்டது. ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். மாலையில் தேறி வந்துவிட்டான். கூட்டில் பால் இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். மறுநாள் மாஸ்டரின் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கூட்டு வெந்தது, தேங்காய் அரைத்து விட்டார், உப்புப் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு, இறக்குவதற்கு முன்னால், காப்பிக்கு வைத்திருந்த பாலில் ஒரு கரண்டி மொண்டு ஊற்றினார். கூட்டு வெளுப்பாக இருக்குமாம். "இதைத்தான் பால் இல்லை என்று சொன்னீர்களா?" என்று கேட்டேன். "இது சமையலில் சேர்த்தது இல்லையே அம்மா, இறக்கும்போது ஊற்றுவதுதானே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் சமையல் அடுப்பை அணைத்ததோடு முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து எந்த அடுப்படியிலும் நான் கேட்பது அந்த ஒரு கேள்விதான்: இறக்கும்போது என்ன ஊற்றினீர்கள்? "என்னென்ன சேர்ப்பீர்கள்?" என்று கேட்டால் காய், பருப்பு, மிளகாய் என்று பட்டியல் வரும். இறக்கும்போது என்ன என்று கேட்டால்தான் ரசத்துக்கு நெய்த் தாளிப்பு, சாம்பாருக்கு அரைக் கரண்டி நெய், குருமாவுக்குக் கிரீம், பொங்கலுக்கு வெண்ணெய் எல்லாம் வெளியே வரும்.

போனில் வரவேற்பிலேயே நின்றுவிடாமல், செஃப்பிடமோ அடுப்படி மேற்பார்வையாளரிடமோ பேச வேண்டும் என்று கேளுங்கள். தயங்க வேண்டாம். டேஸ்டிங் மெனு போடுகிறவருக்குத் தன் சமையலைப் பற்றி ஒருவர் நிதானமாகக் கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கும். அவரிடம் ஆறு சொல்லையும் சொல்லிவிட்டு, இறக்கும்போது என்ன என்று கேட்டுவிட்டு, கூடவே இரண்டு விஷயம் விசாரியுங்கள். ஒன்று, தோசைக் கல்லும் பொரிக்கிற எண்ணெயும் பொதுவா, தனியா? நெய் ரோஸ்ட் சுட்ட கல்லில் உங்கள் அடையும் வேகும். இரண்டாவது, தேங்காய்ப் பால் பிழிந்ததா, பொடியா? இது பலருக்குத் தெரிவதில்லை. கடையில் விற்கும் தேங்காய்ப் பால் பொடிகள் பலவற்றில் பாலிலிருந்து எடுக்கும் புரதமான கேசினைச் சேர்ப்பது வழக்கம். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறது என்பார்கள். பச்சைப் புள்ளி என்றால் சைவம், அதில் பால் அடங்கும். வீகன் உணவுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தனி விதிகள் கொண்டுவந்து, இலை முளைத்த ஆங்கில வி எழுத்தை முத்திரையாக வைத்திருக்கிறது. அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தென்னை மரம் நிழல் தட்டாத வீடே இல்லாத தஞ்சாவூர்ச் சீமையில் தேங்காய்ப் பாலைப் பொடியில் கரைப்பானேன் என்று எனக்கு ஒரு கோபம் உண்டு. அதைப் போனில் காட்டவில்லை.

விலையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நாங்கள் போன இடத்தில் ஆளுக்கு 1,950 ரூபாய், வரி தனி. வரி என்றால் சாதாரண உணவகத்தில் 5 சதவீதம். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகிற விடுதியின் உணவகமாக இருந்தால் 18 சதவீதம். மூன்று பேருக்குப் பார்த்தால் அந்த வித்தியாசத்தில் என் மெஸ்ஸில் பத்துப் பேர் சாப்பிட்டிருப்பார்கள்.

போகிற அன்று காலையில் பட்டினி கிடக்காதீர்கள். நிறையப் பேர் செய்கிற தவறு இது. வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தால் முதல் இரண்டு வகையை ருசி பார்க்காமலே விழுங்கிவிடுவீர்கள். ஐந்தாவது வரும்போது தலைவலி வந்திருக்கும். எட்டு மணிக்கு இரண்டு இட்லி, மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய். பிறகு ஒன்றும் வேண்டாம், தண்ணீர் போதும். ரயிலில் பாபநாசம் தாண்டி யாராவது சுண்டல் நீட்டினால் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் அடுப்படிக் கதவு தெரிகிற பக்கமாக உட்காருங்கள். யார் எடுத்து வருகிறார், எதோடு சேர்த்து எடுத்து வருகிறார் என்று தெரியும். இது என் பழைய தொழில் புத்தி. உங்களுக்குத் தேவையில்லை என்றால் ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

முதலில் வந்தது அரை உள்ளங்கை அகலத்தில் ஓர் உளுந்தப்பளத் துண்டு. அதன் மேல் மாங்காய் இஞ்சித் துவையல், ஒரு சுண்டைக்காய் அளவு. தையில் மாங்காய் இஞ்சி புதிதாக வரும். மண் வாசனை போகாமல் இருந்தது. ஒரே வாய். என் வீட்டுக்காரர் மென்று முடித்துவிட்டு, "வேறு?" என்பதுபோல் என்னைப் பார்த்தார். இதைக் கடித்துக் கடித்துச் சாப்பிட முயன்றால் அப்பளம் நொறுங்கி மடியில் விழும். முழுதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கண்டந்திப்பிலி ரசம். குட்டி மண் குவளையில், ஆவி பறக்க. மகள் குவளையை எடுத்துவிட்டாள். எனக்கு மூக்கில் ஏதோ தட்டியது. "இரு" என்றேன்.

இங்கே நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கேயும் உதவும். ரசத்தின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நல்லெண்ணெயும் அப்படித்தான் மிதக்கும், நெய்யும் அப்படித்தான். குவளையைத் தொடாமல் நான்கு ஐந்து நிமிடம் வையுங்கள். ஓட்டலில் ஏசி உங்களுக்காக வேலை செய்யும். ரசம் கீழே சூடாகத்தான் இருக்கும். ஆனால் குவளையின் விளிம்பில், ஊற்றும்போது தெறித்த இடத்தில், மெல்லிய ஈரம் ஒட்டியிருக்கும். நல்லெண்ணெய் என்றால் அது பளபளவென்று அப்படியே இருக்கும், விரலால் தொட்டால் வழுக்கும். நெய் என்றால் அந்த இடம் மங்கி, வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக உறையத் தொடங்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் முதலில் மணல் போல நெருடும், பிறகு சூட்டில் உருகும். தேங்காய் எண்ணெயும் 24 டிகிரிக்குக் கீழே உறையும், ஆகவே உறைந்ததை மட்டும் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள், முகர்ந்து பாருங்கள். தேங்காய் எண்ணெயையும் நெய்யையும் மூக்கு குழப்பிக்கொள்ளாது.

விளிம்பில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். நெருடியது. நெய்தான்.

சப்ளையர் பையனைக் கூப்பிட்டேன். "நெய் இல்லை மேடம், முழுக்க வீகன்" என்றான், மனப்பாடமாக. இந்த இடத்தில் குரலை உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பான். உள்ளே போய் ஒருவரையும் கேட்காமல் இரண்டு நிமிடம் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்து, "கேட்டுவிட்டேன், இல்லை என்கிறார்கள்" என்பான். நான் சொன்னது இது: "தம்பி, ரசத்தில் இல்லை என்று எனக்கும் தெரியும். தாளித்தது யார் என்று மட்டும் கேட்டு வாருங்கள்."

செஃப்பே வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, கண்டுபிடித்துவிட்டுத்தான் வருகிறார். ரசத்தை அவர் தனியாகத்தான் வைத்திருக்கிறார். குவளையில் ஊற்றிய உதவியாள், பக்கத்தில் பொது ரசத்துக்கென்று வைத்திருந்த தாளிப்பிலிருந்து ஆளுக்கு அரைக் கரண்டி மேலே விட்டிருக்கிறார். கை தானாகப் போயிருக்கிறது. "மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா, பத்து நிமிடம் கொடுங்கள்" என்றார். பன்னிரண்டு நிமிடத்தில் புது ரசம் வந்தது, நல்லெண்ணெயில் தாளித்து. முதலில் வந்ததை வீணாக்க வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் மூன்று குவளையையும் குடித்திருந்தார். அவருக்கு எந்தக் கொள்கையும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த அடுப்படி எங்களுக்கு ஒழுங்காக வேலை செய்தது. ஒவ்வொரு தட்டும் செஃப்பின் கண்ணில் பட்டுத்தான் வந்தது. உள்ளபடியே, முதல் இரண்டு வகைக்குள் ஒரு தவறைக் கண்டுபிடித்து மென்மையாகச் சொல்லிவிடுவது நல்லதோ என்றுகூடத் தோன்றுகிறது.

வாழைப்பூ வடை ஐந்து ரூபாய் நாணய அளவில் வந்தது, பக்கத்தில் தேங்காய்ப் பாலை உறைய வைத்த தயிரோடு. வடை நன்றாக இருந்தது. நரம்பு எடுத்திருந்தார்கள், துவர்ப்புப் போகவில்லை, போகவும் கூடாது. அந்தத் தயிர் எதற்கு என்று தெரியவில்லை. பனங்கிழங்கை மாவாக்கிக் கட்லெட் செய்திருந்தது வேண்டாத வேலை. மஞ்சள் போட்டு அவித்து, நடுவில் பிளந்து, தும்பு உரித்துக் கொடுத்திருந்தால் நான் இரண்டு தின்றிருப்பேன்.

அடுத்து வந்ததைப் பற்றிப் பேச வேண்டும். கும்பகோணம் கடப்பா. ஒரு குழிக் கிண்ணத்தில் மூன்று கரண்டி, நடுவில் தூயமல்லி அரிசி இட்லி ஒன்று. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம். தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து விட்டு, கொதி அடங்கியதும் எலுமிச்சை பிழிவது. பிறந்த நாள் முதல் அதில் பால் கிடையாது, நெய் கிடையாது. யாருக்காகவும் எதையும் எடுத்துவிட்டுச் செய்ததல்ல. மகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது நம் மெஸ் கடப்பாதானே அம்மா" என்றாள். எங்களுடையதில் கசகசா கொஞ்சம் உண்டு. மற்றபடி அதேதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வைப்போம். தட்டு பதினைந்து ரூபாய்க்கு விற்றது.

ஆகவே, மெனுவை நீங்கள் தேர்ந்தெடுக்க முடிகிற இடமாக இருந்தால், அல்லது செஃப் "ஏதாவது மாற்ற வேண்டுமா?" என்று போனில் கேட்டால், இப்படிப் பிறப்பிலேயே பால் படாததைக் கேளுங்கள். வத்தக்குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு, புளியோதரை, எள்ளோதரை, கொத்தவரங்காய்ப் பருப்பு உசிலி, சிதம்பரத்துக் கத்தரிக்காய்க் கொத்சு. நம் ஆற்றங்கரைச் சமையலில் பாதி நல்லெண்ணெயில் நிற்பது. முந்திரியை ஊறவைத்து அரைத்துப் பன்னீர் மாதிரி, சோயாவை வைத்துக் கறி மாதிரி என்று வருகிற மாதிரிகளை நான் இரண்டாவதாகப் போன ஊரில் நிறையச் சாப்பிட்டேன். மாதிரி மாதிரியாகத்தான் இருந்தது.

நடுவில் நெல்லிக்காயை ஐஸாக்கி ஒரு கரண்டி தந்தார்கள், வாய் மாற்ற. பல்லில் படாமல் நாக்கில் வைத்துக் கரையவிடுங்கள்.

சோறு ஏழாவதாக வந்தது. மாப்பிள்ளைச் சம்பா, மணத்தக்காளி வத்தக்குழம்பு, உசிலி. சப்ளையர் பையன் நிமிர்ந்து நின்று கதை சொல்லத் தொடங்கினான்: பாரம்பரிய நெல், நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா. எல்லாம் உண்மை. 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது எங்கள் மெஸ்ஸுக்கு அரிசி கொடுத்த விவசாயி ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. மறைய இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட நெல் வகைகளைத் தேடித் தேடி விவசாயிகள் கையில் திரும்பக் கொடுத்தவர் ஜெயராமன். ஆனால் சிவப்பரிசிச் சோறு ஆறினால் விறைத்துவிடும். பையன் பேசட்டும், நீங்கள் காதைக் கொடுத்துவிட்டுக் கையை வேலை செய்ய விடுங்கள். கையால் சாப்பிடுங்கள் என்பதையும் சொல்கிறேன். முள்கரண்டி வைத்திருப்பார்கள். உசிலியை வத்தக்குழம்போடு முள்கரண்டியில் பிசைந்து காட்டுகிறவர் யாரும் இன்னும் பிறக்கவில்லை. நான் பிசையத் தொடங்கியதும் பக்கத்து மேசையில் ஒரு அம்மாள் தன் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

என் வீட்டுக்காரர் கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு" என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். டேஸ்டிங் மெனுவில் மறு சோறு கேட்கும் வழக்கம் இல்லை. ஆனால் கேட்டால் தருகிறார்கள். சிரித்துக்கொண்டேதான் தந்தார்கள், இந்தத் தடவை பெரிய கிண்ணத்தில்.

இனிப்புக்கு அசோகா. திருவையாறு தஞ்சாவூருக்குப் பக்கம், அந்த ஊர் அசோகாவை விட்டுவிட்டு இங்கே விருந்து வைக்க முடியாது என்று செஃப் நினைத்திருக்கிறார். நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். அசோகா என்பது வெந்த பாசிப்பருப்பும் வறுத்த கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யில் புரண்டு, கடைசியில் அந்த நெய்யையே ஓரத்தில் கக்கி, வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வருவது. நெய் இல்லாவிட்டால் அது பருப்புக் களி. மகள்கூடப் பாதியில் வைத்துவிட்டாள். போனிலேயே சொல்லிவிடுங்கள்: இனிப்புக்கு வெல்லம் போட்ட பருப்புப் பாயசம் போதும், தேங்காய்ப் பாலில். முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றினால் திரியாது. இறக்கும்போது ஊற்ற வேண்டியது ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

காப்பி கேட்காதீர்கள். ஓட்ஸ் பாலிலும் பாதாம் பாலிலும் கொடுப்பார்கள். கொதிக்கிற டிகாக்ஷனில் சில சமயம் திரிந்துபோய்ப் பூ மிதக்கும். கும்பகோணத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு அந்தக் காட்சி நல்லதல்ல. கருப்பட்டிச் சுக்குக் காப்பி கேளுங்கள், எல்லா அடுப்படியிலும் சுக்கு இருக்கும்.

பில்லில் வரி தவிரச் சேவைக் கட்டணம் என்று ஒன்று இருந்தால், அது நீங்கள் விரும்பினால் கொடுப்பது. தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. எடுக்கச் சொன்னோம், முகம் சுளிக்காமல் எடுத்தார்கள். அதே பணத்தை உறையில் போட்டு, ரசத்தில் தாளிப்பை விட்ட அந்த உதவியாளிடம் கொடுக்கச் சொல்லி செஃப்பிடம் தந்தேன். அன்று முழுவதும் திட்டு வாங்கியிருப்பார்.

கிளம்பும்போது வெள்ளித் தட்டில் வெற்றிலை. கும்பகோணம் கொழுந்து, பாக்கு, ஒரு சிட்டிகை சுண்ணாம்பு தடவி மடித்தது. மகள் கையில் எடுத்தாள், வாய்க்குக் கொண்டுபோனாள், நிறுத்தினாள்.

"இந்தச் சுண்ணாம்பு எதில் செய்தது அம்மா?"

நான் அதை யோசித்ததே இல்லை. நம் பக்கத்தில் நல்ல சுண்ணாம்பு என்றால் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றியது. கிளிஞ்சல், கடலில் உயிரோடு இருந்ததன் ஓடு. கல் சுண்ணாம்பும் உண்டு. செஃப்பைப் பார்த்தேன். அவர் சப்ளையரைப் பார்த்தார். சப்ளையர் உள்ளே போய்த் திரும்பி வந்து, "டப்பாவில் எழுதவில்லை மேடம்" என்றான். ஆறு சொல்லோடு ஏழாவதாக இதையும் போனில் கேட்டுவிடுங்கள்: கிளிஞ்சலா, கல்லா?

மகள் வெற்றிலையைப் பிரித்து, தடவிய பக்கத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பாக்கோடு மென்றாள். சிவக்கவே இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் எங்களுடையதை அப்படியே போட்டுக்கொண்டோம். ரயில் அய்யம்பேட்டை வருவதற்குள் எங்கள் இருவருக்கும் வாய் சிவந்துவிட்டது. அவள் பச்சை நாக்கை நீட்டிக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.